முகமூடிக்கு ஒரு காபி

சிகாகோவில் மாதா கோயில் படிகளின்மேல் பனி விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளே பூசை முடிந்து, ஒஃபேலியா எல்லோருக்கும் சோளக் கொழுக்கட்டை பரிமாறுகிறாள். உரிய ஆவணம் இல்லாத அவளைப் பிடித்து நாடு கடத்த வந்த குடியேற்றத் துறை அதிகாரி, கண் மட்டும் தெரியும் முகமூடியோடு வாசலில் நிற்கிறான். கோயில் பணியாளர் பெர்னடெட், ஆவி பறக்கும் காபியோடு வழியை மறித்து நிற்கிறார். "தள்ளுங்கம்மா. கோயிலுக்குள்ளயும் போகலாம்னு அதிபரே உத்தரவு போட்டாச்சு." "உள்ள வர நீதிபதி வாரண்டு போட்டாரா?" "அதிபர் சொன்னா போதும்." "அவ்வளவு பெரிய ஆளு பின்னாடி இருக்கும்போது, திருடனாட்டம் மூஞ்சிய ஏன் தம்பி மூடிக்கிட்டு வந்தே? சரி, குளிர்ல நடுங்குறே. இதக் குடி." கோப்பையை வாங்குகிறான். முகமூடியைத் தூக்காமல் குடிக்க முடியாது. தயங்கி, முகம் அவருக்குத் தெரியாதபடி தெருப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். பெர்னடெட் அவனுக்காகவும் ஒரு சிலுவை போட்டுவிட்டு, கதவைச் சாத்தித் தாழிடுகிறார்.