சூரியனுக்கு எத்தனை பேர்

"பெத்த பிள்ளையோட பேரு உங்களுக்குத் தெரியாதா?"

சந்திரமௌலி உரக்கவே கேட்டுவிட்டார். தொண்டர் பந்தலில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை பிடிக்கிறவளாய் இருப்பாளோ என்ற சந்தேகம் ஒருவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

சூடாமணி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்து அறுபத்து மூவர் திருவிழா. மயிலாப்பூர் மாட வீதிகளில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஐந்து வயதுப் பிள்ளை, மோர்ப் பந்தலுக்கு எதிரே ஒரு நெருக்கலில் நழுவிப் போய் அரை மணி ஆகிவிட்டது. பத்தடி தள்ளித்தான் குளம். அந்தப் பக்கம் பார்க்கவே அவளுக்குத் தைரியம் இல்லை.

"தெரியும் மாமா. ஆனா நான் சொல்லப்படாது" என்றாள். "மாமனார் பேரு."

சந்திரமௌலி நெற்றியில் அடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார் அவர். திருவிழாவுக்குத் தொண்டராக வந்திருந்தார். ஒலிபெருக்கி வராத காலம். காணாமற்போன குழந்தையின் பேரைத் தகரக் கொம்பில் கூவிக்கொண்டே நாலு வீதியும் சுற்றுவது அவர் வேலை. பேரே இல்லாமல் மனுஷர் எதைக் கூவுவார்?

"உங்காத்துக்காரர் எங்கே?"

"ரங்கூன்ல. மந்தைவெளி ஆத்துல மாமனார் மட்டும்தான் இருக்கார்."

"இந்தக் கூட்டத்துல மந்தைவெளி போய்க் கேட்டுண்டு வர்றதுக்குள்ள சாமியே கோயிலுக்குத் திரும்பிடும். எழுதிக் காட்டுங்கோ."

"எழுதத் தெரியாது மாமா."

"ஆத்துல என்னன்னு கூப்பிடுவேள்?"

"அம்பின்னு."

பந்தலே சிரித்தது. "அம்பின்னு கூவினா மயிலாப்பூர்ல பாதி ஆண்பிள்ளைகள் இங்க வந்து நிப்பா" என்றார் சந்திரமௌலி. "பேருக்கு அர்த்தமாவது சொல்லுங்கோ. நான் கண்டுபிடிச்சுடறேன்."

"சூரியன்."

வாத்தியாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சமஸ்கிருதத்தில் தமக்குத் தெரியாத பேர் கிடையாது என்று அவருக்கு எண்ணம். "பாஸ்கரனா? திவாகரனா?"

அவள் தலை இல்லை என்று ஆடியது.

"பிரபாகரன்? தினகரன்? மார்த்தாண்டன்? ஆதித்தன்?"

ஆடிக்கொண்டே இருந்தது. சூரியனுக்கு இத்தனை பேர் வைத்தவர்கள் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தெருவுக்கு நாலு பாஸ்கரன் இருக்கிறானே, இவனும் ஐந்தாவதாக இருந்துவிட்டுப் போகக் கூடாதா? மாமனாரின் தகப்பனார் பெரிய பண்டிதர். ஊரில் ஒருத்தனுக்கும் இல்லாத பேராக வேண்டும் என்று தேடிப் பிடித்துத் தம் பிள்ளைக்கு வைத்தார். மாமனாரின் பேரனான இவனுக்கும் அதையே வைத்தார்கள். அதுவும் பேர் வைக்கிற புண்யாகவாசனத்தன்று காதில் ஓதியதோடு சரி. மற்றபடி அந்தப் பேர், வாசலில் வந்து நின்று மாமனாரைக் கூப்பிடுகிற சிநேகிதர்களின் வாயில் அடிபடுவதுதான்.

"வெளிச்சத்தையே சொத்தா உடையவன்னு அர்த்தமாம். அக்னிக்கும் அந்தப் பேர் உண்டாம்" என்று கெஞ்சினாள்.

வாத்தியாரின் கையிருப்பு அத்தனையும் தீர்ந்துபோயிற்று.

அந்தச் சமயம் பார்த்துக் குளத்துப் படிக்கட்டில் யாரோ வீல் என்று அலறினார்கள். கால் வழுக்கிய ஒரு கிழவி. உட்கார்ந்த இடத்திலேயே திட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் சூடாமணியின் உயிர் அதற்குள் ஒரு தடவை போய்வந்துவிட்டது. பேரைச் சொன்னால் பெரியவருடைய ஆயுசு குறையும் என்று பிறந்த வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெற்ற தகப்பனைவிட ஒரு படி மேலாக அவளைத் தாங்குகிற மனிதர் அவர். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"விபாவசு!"

சொல்லிவிட்டு வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"சிவ சிவா! இதை யார் வைப்பா, யார் கூப்பிடுவா!" என்றார் வாத்தியார். ஆனாலும் கொம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். "விபாவசுவைக் காணோம்! விபாவசுவைப் பார்த்தவர்கள் தொண்டர் பந்தலுக்கு அழைத்து வரவும்!"

அந்தக் குரல் கிழக்கு வீதியில் கேட்டது, தெற்கே திரும்பியது, மேற்கே தேய்ந்தது. மாமனார் பேர் ஊர் முழுக்கக் கூவப்படுவதைக் கேட்டுக்கொண்டு, காதைப் பொத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் சூடாமணி உட்கார்ந்திருந்தாள். பல்லக்குகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கும்பிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துச் சந்திரமௌலி தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்தார். கூடப் பிள்ளை இல்லை. சொல்லக் கூடாததைச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. இனி எந்தத் தெய்வத்திடம் எதைக் கொடுத்துக் கேட்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

"இந்தாம்மா, இந்தப் புள்ள யாருதுன்னு பாரு!"

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிற தேசம்மா பந்தலுக்குள் வந்தாள். அவள் இடுப்பில் அம்பி.

"தெக்கு வீதில ஒவ்வொரு வூட்டு வாசலா ஏறி எறங்கிக்கினு இருந்துச்சு. அழுவக்கூட இல்ல. தொலஞ்ச புள்ளன்னு யாரு சொல்லுவா?"

சூடாமணி பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கி அணைத்துக்கொண்டாள்.

சந்திரமௌலிக்குத்தான் ஆறவில்லை. "ஏண்டா, தொண்டை கிழிய நாலு வீதியும் விபாவசு விபாவசுன்னு கத்தினேனே. உன் காதுல விழவே இல்லையா?"

அம்பி பந்தலின் நாலு மூலையையும் ஒரு தடவை பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"விழுந்துதே மாமா. நானும் எல்லா இடத்துலயும் தேடிட்டேன், தாத்தா கிடைக்கவே இல்லை!"