கண்ணளவு

"கையை எடுங்க! நான் அளந்து பார்க்காம ஒரு ரிங்கும் உள்ள போகக் கூடாது."

ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தையல்காரர் போட்ட சத்தத்தில், மெக்கானிக் கையிலிருந்த பிஸ்டன் ரிங்கை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டார். மேஜையில் ஓர் இன்ஜின் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது.

"என் வண்டி எங்கே?"

"அதோ, தார்ப்பாய்க்குள்ள பத்திரமா இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். மெக்கானிக் பேச்சை நம்பி நான் பட்டது போதும். போன தடவை அடுத்த தெரு மெக்கானிக் ஒருத்தன்கிட்ட விட்டேன். கண்ணளவு! ரிங்கை அளக்காம, கண்ணால பார்த்தே மாட்டினான். பாதி வழியில இன்ஜின் இறுகிப்போச்சு. என் பொண்டாட்டி அவ அம்மா வீட்டு வாசல் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தா."

"நீங்க?"

"நான் ஸ்டீயரிங் பிடிக்க வேணாமா?"

மெக்கானிக் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"அன்னையிலேருந்து அவ அங்கேயேதான் இருக்கா. வண்டி தானா ஓடி வந்து வாசல்ல நிக்கிற சத்தம் கேட்டாத்தான் கிளம்புவாளாம். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் கெடு. அதுக்கப்புறம் வந்தா கதவையே திறக்க மாட்டாளாம்."

மெக்கானிக் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தார்ப்பாயை ஒரு பார்வை பார்த்தார், மேஜையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உட்காருங்க. நீங்களே அளங்க. ரிங்கை சிலிண்டருக்குள்ள வச்சு, பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சு நேரா அழுத்துங்க. இப்ப ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இந்த அளவுத் தகட்டை விட்டுப் பாருங்க. நுழையலைன்னா இடைவெளி பத்தலைன்னு அர்த்தம். சூட்டுல ரிங் விரிஞ்சு முனை ரெண்டும் முட்டிக்கும். அன்னைக்கு உங்களுக்கு நடந்தது அதான்."

"அப்ப முனையில அரம் போடணுமா?"

"துளித்துளியா. தேய்ச்சது தேய்ச்சதுதான். அதிகமாப் போயிட்டா வண்டி புகை தள்ளும்."

"என்கிட்டயேவா? துணியைக் குறைச்சு வெட்டிட்டு ஒட்டுப் போடுற ஆளா நான்?"

அளவு என்று வந்துவிட்டால் தையல்காரருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சட்டையைக் கழற்றித் தார்ப்பாய்மேல் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார். தேய்ப்பார், அளப்பார், மறுபடி ஒரு துளி தேய்ப்பார். தகடு சரியானதுதானா என்று சந்தேகப்பட்டு வேறு தகடு கேட்டார். அரத்தைச் சந்தேகப்பட்டார். ரிங் வந்த டப்பாவையும் விடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெக்கானிக் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கால்மேல் கால் போட்டு ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, எப்படி வந்திருக்குன்னு! அந்தக் கண்ணளவு இதைப் பார்க்கணும். வெட்கப்பட்டு ஊரைவிட்டே ஓடிடுவான்."

"பார்ப்பார், பார்ப்பார்," என்றார் மெக்கானிக்.

கடைசி ரிங்கையும் முடித்து நிமிர்ந்தபோதுதான் தையல்காரர் வாசலைப் பார்த்தார். வெயில் இறங்கிவிட்டது.

"ஐயையோ! இனிமே இதை எப்ப மாட்டி, எப்ப வண்டியில ஏத்தி... அவ்வளவுதான். இந்த ஜென்மத்துல அவ வர மாட்டா."

"பதறாதீங்க."

மெக்கானிக் போய்த் தார்ப்பாயை உருவினார். வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே உறுமலில் கிளம்பி, சீராக ஓடியது.

தையல்காரர் வண்டியைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார்.

"இன்ஜின் இங்க கிடக்குது... வண்டி எப்படி ஓடுது?"

"உங்க வண்டி நேத்தே ரெடி. காலையில அதைத்தான் சொல்ல வந்தேன். எங்க விட்டீங்க?"

"அப்ப இது யாரோட இன்ஜின்?"

"உங்க கண்ணளவு மெக்கானிக்கோட சொந்த வண்டி இன்ஜின்," என்றபடி மெக்கானிக் இறங்கி வந்து, மீசைக்குள் இருந்த சிரிப்பை வெளியே விட்டார். "அவரு வேலைமேல அவருக்கே நம்பிக்கை இல்லையாம். நல்லா அளந்து பார்க்கிற ஆளா வச்சு முடிச்சுக் கொடுக்கச் சொன்னார்."