முன்வரிசைத் தலையாட்டல்

"அம்மா, தாது இன்னிக்கு ஒரு தடவைகூடத் தலையை ஆட்டலை. நான் இனிமே பாட மாட்டேன்."

மேடைக்குப் பின்னால், மஞ்சள் பாவாடை கசங்கத் தரையில் உட்கார்ந்துவிட்டாள் சுபிக்ஷா. கூடத்தில் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. கல்கத்தா லேக் கார்டன்ஸில் சரஸ்வதி பூஜையன்று இசைப்பள்ளிக் குழந்தைகள் பாடும் நிகழ்ச்சி அது. பத்து வயதுக்காரி கல்யாணி ராகத்தில் கீர்த்தனை பாடி இறங்கியிருக்கிறாள். மகேஸ்வரி டீச்சர் கட்டி அணைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்து வங்காளிகள் "கூப் பாலோ" என்று பாராட்டிக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். சுபிக்ஷா மகாராணிக்கு அதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

வங்காளப் பிள்ளைகளோடு வளர்ந்தவளுக்கு எல்லாத் தாத்தாவும் தாதுதான். இந்தத் தாது, முன்வரிசை வெங்கடநாராயணன். பேங்க் வேலைக்கு வந்து கல்கத்தாவிலேயே தங்கிவிட்டவர். ஊரில் எந்த மூலையில் கச்சேரி நடந்தாலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார். சங்கீதம் தெரிந்தவர் என்று பெயர். பேச்சு மட்டும் அளந்துதான் வரும்.

அம்மா பத்மஜாவுக்கு இது புதிதில்லை. போன வருஷமும் இதே இடத்தில் இதே அழுகைதான். காரணம்தான் நேர் எதிர். பாட்டு முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "ப்ச், ப்ச்" என்றாராம். தான் பாடியது பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிய பெண், ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. பாட்டு கிளாஸ் என்றாலே கதவைச் சாத்திக்கொண்டாள்.

மயிலாப்பூரில் வளர்ந்த பத்மஜாவுக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினாள்.

"அசடே, நம்ம பாட்டை நிஜமா ரசிக்கறவா அப்படித்தான் பண்ணுவா. உள்ள உருகிப் போச்சுன்னா கண்ணை மூடிண்டு தலையை ஆட்டி 'ப்ச்'னுடுவா. அதுக்கு மேல பரிசே கிடையாது."

"தூர், போம்மா, பொய் சொல்ற," என்றாள் மகள். ஆனால் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது.

அன்று பிடித்த உடும்புப் பிடிதான். வருஷம் முழுக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனில் சுருதியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு இடத்தையும் பாடிப் பார்த்துவிட்டு, இங்கே தாது தலையை ஆட்டுவாரா என்று கேட்பாள். ஆட்டுவார் என்று பத்மஜாவும் சளைக்காமல் சொல்லி வந்தாள். அந்த ஒரு தலையாட்டலுக்காகவே குழந்தை பாடினாள் என்றால் அது மிகையில்லை.

அப்படிப்பட்ட மனுஷர் இன்றைக்கு ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணைக்கூட மூடவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று இவருக்கு? உடம்பு சரியில்லையோ? இல்லை, யார் மீதாவது கோபமோ? பத்மஜா மகளை டீச்சரிடம் விட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

வாசலில் மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார் அவர். பத்மஜா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போன வருஷத்து அழுகை, தான் சொன்ன விளக்கம், அதை நம்பி ஒரு வருஷம் குழந்தை உழைத்த உழைப்பு, எல்லாம்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்கோ. போன வருஷம் அவ்வளவு ரசிச்சேளே, இன்னிக்கு ஏன் தலையே அசையலை? நன்னா இல்லேன்னா என்கிட்ட சொல்லுங்கோ, நான் திருத்திக்கச் சொல்றேன். அவகிட்ட மட்டும் வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கோ. இல்லேன்னா அவ பாட்டையே விட்டுடுவா."

வெங்கடநாராயணன் குவளையைக் கீழே வைத்தார். பிறகு இரண்டு பக்கமும் திரும்பி, யாரும் அருகில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வரேம்மா, தாராளமா வந்து சொல்றேன். ஆனா போன வருஷம் குழந்தைக்குப் புரிஞ்சதுதான் சரி. சுருதி ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். எழுந்து போறது மரியாதை இல்லையேன்னு கண்ணை இறுக்கி மூடிண்டு, தாங்க முடியாமதான் தலையை ஆட்டிண்டிருந்தேன். இன்னிக்கு அப்படி ஆட்ட ஒரு இடமாவது குடுத்தாளா அவ?"