ஐந்து மணி இருபது நிமிடம்

திரைத்துணியை லாட் பிக்கரிங்தான் இழுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்.

பூங்கா அதிகாரிக்கு அதில் ஏக சந்தோஷம். எண்பத்தைந்தாம் வருட வெள்ளத்தின்போது மேயராக இருந்தவர், இன்று திறக்கும் கடையின் பழைய சொந்தக்காரர், எண்பத்திரண்டு வயதிலும் நிமிர்ந்து நடக்கிறவர். வேறு யாரை அழைப்பது?

மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் ஊரை அப்படியே தேசியப் பூங்காவாக்கி இருபது வருடம் ஆகிறது. ஆற்றோரத் தெருவில் இப்போது யாரும் குடியில்லை. காரில் வருகிறார்கள், ரயில் நிலையத்தில் போன பூங்காக்களின் முத்திரை சேர்க்கும் புத்தகத்தில் ஒன்று குத்திக்கொள்கிறார்கள், எங்கள் வீட்டு ஜன்னல்களில் எட்டிப் பார்க்கிறார்கள். நான் பூங்காவின் தச்சு வேலைக்காரி. பிறந்த வீட்டுக்கே சம்பளத்துக்கு ஆணி அடிக்கிறேன்.

இன்று திறப்பது லாடின் கடையை. அதன் பின்னறைதான் அப்போது தபால் நிலையம். ஒரே கதவு, கம்பி போட்ட ஒரே ஜன்னல். என் அண்ணன் வெண்டல் அங்கேதான் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு தபால் பிரித்தான். அந்த வெள்ளத்தில் அங்கேதான் செத்தான்.

லாட் தன் மகளோடு வந்தார். பின்னால் நாற்பது பேர் இருக்கும்.

"வெண்டல் தங்கச்சிதானே நீ? இன்னும் சுத்தியலும் கையுமாத்தான் திரியிறியா?"

"ஆமா மேயர். நீங்க அடிச்ச ஆணியப் புடுங்கவே ஆறு மாசம் ஆச்சு."

சிரித்தார். கடையைப் பூங்காவுக்கு விற்கும் முன் சேற்றுக் கறை தெரியக் கூடாதென்று பின்னறை முழுக்கப் பலகை அடித்து மூடியவர் அவர்தான்.

பின்னறைக்குள், கதவை ஒட்டித் தொங்கிய துணியை இழுத்தார்.

புதிய அறிவிப்புப் பலகை. அவர் சொன்னது பெரிய எழுத்தில்: 'நான்கு மணிக்கெல்லாம் தண்ணீர் கதவின் தலைக்கு மேலே ஏறிவிட்டது. நெருங்கவே முடியவில்லை. உள்ளே இருந்தவர் கூப்பிட்டும் வரவில்லை.'

குடித்துவிட்டுத் தூங்கினான் என்பதைப் பலகையில் போடவில்லை. அதை அவர் அடக்கத்தன்று எங்கள் அம்மாவிடம் நேரிலேயே சொன்னார். அம்மா நம்பினாள். குடிகாரனுக்குப் பூ வைக்க மாட்டேன் என்று சாகும்வரை அவன் கல்லறைப் பக்கம் போகவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். நன்றாகத் தட்டட்டும் என்று நானும் சேர்ந்து தட்டினேன்.

அப்புறம்தான் ஒவ்வொருவராக, பலகைக்குப் பக்கத்தில் இருந்த வாசற்காலைப் பார்த்தார்கள். அதை மூடி அவர் அடித்திருந்த கடைசிப் பலகைத் துண்டை நான் காலையில்தான் பெயர்த்தேன். அதிகாரிக்கும் தெரியாது.

முதன்முதலில் ஜனவரியில் பெயர்த்தேன். படித்தேன். அதே ஆணிகளை வைத்துத் திரும்ப அடித்து மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். நான்கு மாதமாக ஒருவரிடமும் வாய் திறக்காமல் ஆத்திரத்தை அடைகாத்தேன்.

ஆற்றோரத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் வாசற்காலில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியை எழுதுவோம். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். லாட் மேட்டுத் தெருக்காரர். அவர் வீட்டு வாசற்காலைத் தண்ணீர் தொட்டதே இல்லை. பலகை அடிக்கும் முன் சேற்றைத் துடைத்துப் பார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

இப்போதும் கோடுகளைப் பார்த்து அவர் முகம் மாறவில்லை. அது என்னவென்றே புரியவில்லை.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க மேயர். கீழேர்ந்து மேல."

"கண்ணாடி எடுத்துட்டு வரலையேம்மா."

நான் எடுத்து வந்திருந்தேன். நேற்று மருந்துக் கடையில் அவருக்காகவே வாங்கியது.

மாட்டிக்கொண்டு குனிந்தார். பழைய மேயர் குரலிலேயே தொடங்கினார்.

"மூணு பத்து. கதவு ஊறிப்போச்சு, தெறக்க வரல."

கோடு கணுக்கால் உயரத்தில் இருந்தது.

"நாலு மணி. முட்டி வரைக்கும்."

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள், வாசற்காலைப் பார்த்தாள், திரும்பவும் பலகையைப் பார்த்தாள்.

"நாலரை. லாட் பேரச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை..."

அதற்கு மேல் மேயர் குரல் இல்லை. அவர் விரல் மட்டும் நகர்ந்து இடுப்பு உயரக் கோட்டில் போய் நின்றது. குனிந்த முதுகு நிமிரவே இல்லை.

அப்பாவுக்கு எழுத்து புரியவில்லை என்று மகள் நினைத்திருப்பாள். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அவளே படித்தாள்.

"அஞ்சு இருபது. ஜன்னலுக்கு வெளிய லாட் படகு. நெறைய மாவு மூட்டை. என்னப் பாத்தாரு, கை காட்டினாரு. எறக்கி வச்சிட்டு வருவாரு."

ஆறு ஓடுகிற சத்தம் உள்ளே வரை கேட்டது.

லாட் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

"போட்டுக்கங்க மேயர்," என்றேன். "மேல இன்னும் நாலு கோடு இருக்கு."