பார்த்தவள்

வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நின்றவளை உள்ளே கூப்பிடவும் முடியாமல், போ என்று சொல்லவும் முடியாமல் மங்கம்மா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். தன் மகளுக்கு எந்தத் திசையில் மாப்பிள்ளை அமையும் என்று கண்ணை மூடிப் பார்த்துச் சொன்னால் போதும் என்றாள் வந்தவள். டில்லிபாபுவின் கருமாதி முடிந்ததிலிருந்து இப்படி யாராவது ஒருத்தர் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

மங்கம்மாவுக்கு அகக்கண் திறந்துவிட்டது என்று குப்பம் முழுக்க ஒரே பேச்சு. அவள் தடுத்ததால்தான் புருஷன் திருமலை அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. அவனுக்குப் பதிலாக மீன்பிடி லாஞ்சில் ஏறிய பக்கத்து வீட்டு டில்லிபாபு, வலை இழுக்கும்போது கயிறு காலில் சுற்றிக் கடலுக்குள் போய்விட்டான். எண்ணூர்ப் பக்கம் உடம்பு ஒதுங்கியிருப்பதாக மறுநாள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது.

தலைவலி என்று சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, மங்கம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

தியான வகுப்புக்குப் போக முதலில் ஆசைப்பட்டவள் அவள்தான். திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் லட்சுமணன் ஐயா சொல்லிக் கொடுத்தார். புருவ மத்தியில் நினைப்பை நிறுத்தி விடாமல் பழகினால் உள்ளுணர்வு கூர்மையாகும், நடக்கப்போவது முன்கூட்டியே தெரியும் என்பார். கடலுக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்டவளுக்கு வேறென்ன வேண்டும்? தனியாகப் போகக் கூச்சப்பட்டு, டில்லிபாபுவின் மனைவி வினிதாவையும் கூட இழுத்துக்கொண்டு போனாள்.

மங்கம்மாவுக்குக் கண்ணை மூடினால் இருட்டும் முட்டி வலியும்தான். வினிதா மட்டும் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி அசையாமல் இருப்பாள். தூங்குகிறாளோ என்று மங்கம்மா கேலி செய்வாள். கடைசியாகப் போன அன்றைக்கு வினிதா பாதியிலேயே எழுந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. கேட்டதற்குப் புழுக்கம் என்றாள். பஸ்ஸில் வரும்போது தண்ணீர் லாரி வராதது, மீன் விலை, திருமலை அண்ணன் மறுபடி எப்போது கடலுக்குப் போகிறார் என்று ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் மங்கம்மா வீட்டில் சண்டை. மறுநாள் மீஞ்சூரில் அவள் தங்கச்சிக்கு வளைகாப்பு. தங்கச்சி புருஷனோடு பேச்சுவார்த்தை இல்லாத திருமலை, தனக்குக் கடல் வேலை இருக்கிறது, நீ மட்டும் போய் வா என்று முடித்துவிட்டான். தனியாகப் போய் நின்றால் நாலு பேர் கேட்பார்களே என்ற ஆற்றாமையில் அவள் வாயில் அது வந்துவிட்டது.

"தியானத்துல பாத்தேன்யா. நாளிக்கு நீ கடலுக்குப் போவாத."

அதுவரை எதற்கும் மசியாதவன் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டான். லாஞ்சில் ஆள் குறையக் கூடாதே என்று, விடிகிற நேரத்தில் தன் தோஸ்து டில்லிபாபுவை எழுப்பி அனுப்பி வைத்தான்.

வினிதா அப்போது தண்ணீர் லாரி வரிசையில் நின்றிருந்தாள். யாரோ விஷயத்தைச் சொல்ல, குடத்தை ரோட்டிலேயே போட்டுவிட்டுக் காசிமேட்டுத் துறைமுகத்துக்கு ஓடினாளாம். அதற்குள் லாஞ்சு கிளம்பிப் போயிருந்தது. வளைகாப்புக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த மங்கம்மா அதைக் கேட்டு, புருஷனை ஒரு நாள் பிரிய முடியவில்லையா இவளுக்கு என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசியது.

ஊரார் பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திருமலை அவளை மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தால் தலை நிமிர்வதில்லை. தெரிந்தும் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று வினிதா ஒருநாள் கேட்கப்போகிறாள், அப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது என்பதுதான் மங்கம்மாவைத் தூங்கவிடவில்லை.

வினிதா வந்து கேட்கிற வரைக்கும் காத்திருக்கத் தெம்பில்லை. எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

வினிதா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வாக்கா என்று கூப்பிட்டுப் பாயை எடுத்துப் போட்டாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பழைய கலகலப்பும் இல்லை, யாரோ போலிருந்தாள்.

பாயில் உட்கார மங்கம்மாவுக்கு மனசு வரவில்லை. நின்றபடியே, அழுகைக்கு நடுவில், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"தெரிஞ்சிகினே ஒன் புருஷன அனுப்பிட்டேன்னு நெனச்சிடாத வினிதா. சத்தியமா நான் எதையும் பாக்கல. எங்கூட்டுக்காரர வளைகாப்புக்கு இஸ்துகினு போவத்தான் பொய் சொன்னேன்."

வினிதா அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, சுவரோரம் உட்கார்ந்தாள். கத்துவாள், அடிப்பாள், வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மங்கம்மா நினைத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை.

"நீ பாக்கலன்னு எனக்குத் தெரியும்க்கா."

வினிதா அவளை நிமிர்ந்து பார்க்காமல், தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"பாத்தது நானு. லாஞ்சு தெரிஞ்சிது, தண்ணில வுழுந்த ஆளு மூஞ்சி தெரில."

தரையில் சிந்திக் கிடந்த ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, காதில் விழுந்தும் விழாத குரலில்,

"அதுல போறது ஒன் வூட்டுக்காரருதானேன்னு கம்முனு இருந்துட்டேன்க்கா."