முப்பது வரை எண்ணுங்கள்

“அப்படியே இருங்க,” என்றாள் பிசியோதெரபிஸ்ட். தன்னால் எழுந்திருக்க முடியவில்லை என்பதை அதைவிடக் கௌரவமாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

எதிரே ஆறு பாய்கள், ஆறு ரப்பர் பந்துகள், ஆறு கர்ப்பிணிகள். ஆறு பேரும் மண்டியிட்டுப் பந்தைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்திருந்தார்கள். ஏழாவது பந்தை அவள் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஏழாம் மாதம்.

ஆறு பேருக்கும் ஒரே உபத்திரவம், சயாட்டிகா. வயிறு பெருக்கப் பெருக்க இடுப்பு நரம்பு நசுங்கி, புட்டத்தில் பிடித்த வலி குதிகால் வரை இறங்கும். தும்மினால் வலி, இருமினால் வலி, பக்கத்தில் புருஷன் புரண்டு படுத்தால்கூட வலி. முப்பது எண்ணும் வரை பந்தைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தால் கால் லேசாகிவிடும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

மறுபடி ஒருமுறை முப்பது எண்ணினாள். எழுந்தாள். அதாவது எழப் பார்த்தாள். இடது புட்டத்திலிருந்து சுண்டுவிரல் வரை சுளீரென்று ஓர் இழுப்பு. உயிர் போய்த் திரும்பி வந்தது.

“முப்பத்தொண்ணு,” என்றாள்.

யாரும் தலையைத் தூக்கவில்லை. கூடவே எண்ணினார்கள்.

இந்தப் பாழாய்ப்போன வலி அவளுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. புருஷனுக்கு மட்டும் தெரியும். காலையில் பீரோவை நகர்த்துகிற மாதிரி அவளைக் கட்டிலிலிருந்து கிளப்பி நிறுத்துவது அவன் வேலை. இங்கே யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொல்லிக்கொடுக்கிறவளுக்கே கால் இழுக்கிறது என்று தெரிந்தால் அவள் பேச்சை எவள் நம்புவாள்?

போன மாதம்தான் இந்த ஆறு பேரும் கீழ்த்தளத்து வகுப்பை விட்டுவிட்டு மாடிக்கு இவளிடம் வந்திருந்தார்கள். கீழே சொல்லிக்கொடுப்பவள் கொடி மாதிரி இருப்பாள், கல்யாணம்கூட ஆகவில்லை. அவளை விட்டு வந்தார்களென்றால் நம் கைராசிதான் காரணம் என்று இவளுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. இவர்கள் திரும்பிப் போய்விட்டால் மாடி வகுப்பையே மூடிவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

ஐம்பதில் டிராஃபிக் போலீஸ்காரியின் குரல் கேட்டது. எட்டு மாதம். வெயிலில் நின்று நின்றே வலியை வாங்கிக்கொண்டவள்.

“இன்னிக்கு எத்தனை வரைக்கும் மேடம்?”

“புது முறை அக்கா. நூறு வரைக்கும் போகலாம்.” வாய் கூசாமல் சொன்னாள். “எண்ண வேணாம். மூச்சை மட்டும் கவனிங்க.”

அவர்கள் மூச்சைக் கவனித்தார்கள். அவள் தன் காலைக் கவனித்தாள். முழங்காலை ஓர் அங்குலம் நகர்த்தினாள். சுளீர். பந்தை ஒரு பக்கமாக உருட்டிப் பார்த்தாள். பந்து போனது, அவளும் கூடவே போகப் பார்த்தாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “இப்ப லேசா வலது பக்கம் ஆடுங்க,” என்றாள்.

ஆறு பந்துகளும் வலது பக்கம் ஆடின.

மூன்றாவது பாயில் குறட்டை கேட்டது. வயிற்றில் இரட்டைக் குழந்தை சுமப்பவள் பந்தின்மேலேயே தூங்கிப்போயிருந்தாள். பக்கத்துக்காரி இடித்து எழுப்பினாள். எழுந்த அவசரத்தில் அவளுக்குப் பாத்ரூம் வந்துவிட்டது. போய்விட்டு வந்து, மறுபடி பந்தைக் கட்டிக்கொண்டாள். பிசியோதெரபிஸ்டுக்கு வயிறெரிந்தது. அவளுக்கும் அரை மணி நேரமாக முட்டிக்கொண்டுதான் இருந்தது.

கதவுக் கண்ணாடியில் டாக்டரம்மாவின் முகம் தெரிந்தது. ஏழு பெண்கள் சத்தமில்லாமல் பந்தைக் கட்டிக்கொண்டு ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மணி பதினொன்று ஆனது. வகுப்பு முடிந்தாக வேண்டும்.

“சரி, எல்லாரும் மெதுவா எழுந்து கிளம்புங்க,” என்றாள். “நான் கொஞ்ச நேரம் கழிச்சு வரேன். இந்தப் பந்துல காத்து சரியா இருக்கான்னு பார்க்கணும்.”

ஆறு பேரும் எழுந்தார்கள். ஒருத்தியும் கிளம்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போலீஸ்காரி வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். இரண்டு கைகளையும் அவளுடைய அக்குளுக்குக் கீழே கொடுத்தாள். ஒருத்தி பந்து உருளாமல் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி நாற்காலியை இழுத்துவந்து முன்னால் போட்டாள்.

“மூச்சை வெளிய விடுங்க மேடம். வலது பாதத்தை முன்னால வைங்க. இடது கால்ல பாரம் போடாதீங்க.”

அவள் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. ஒரு வார்த்தை மாறவில்லை. எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மானம் கப்பலேறிவிட்டது. இனி நாளைக்கு இந்த அறையில் பந்துகள் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“இடது கால்னு எப்படித் தெரியும் அக்கா?”

“போன மாசம் நீங்க ஆட்டோலேருந்து இறங்கினதைக் கீழ ஜன்னல் வழியாப் பார்த்தோம். இடது காலைக் கையால தூக்கி வெளிய வெச்சீங்க. யாரையோ திட்டிக்கிட்டே வெச்சீங்க.” போலீஸ்காரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “அன்னிக்கே ஆறு பேரும் டாக்டரம்மாகிட்ட போய் நின்னோம், கிளாஸை மாத்திக் குடுங்கன்னு.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமா, நிம்மதியா, அவளுக்கே தெரியவில்லை.

“டாக்டரம்மாகிட்ட என்ன காரணம் சொன்னீங்க?”

“உள்ளதைத்தான் சொன்னோம். எங்களுக்கு நொண்டுற மேடம்தான் வேணும்னு.”