சங்கத்தின் இரண்டாவது உறுப்பினர்

ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி விதிகளைத் திருத்தும் அரசுக் குழு அன்று கூடியிருந்தது. அங்கே பேச வருபவர்கள் யார் சார்பில் வந்திருக்கிறார்கள் என்று வாசலில் பதிய வேண்டும். பாடநூல் கம்பெனிக்காரர்கள் பதிந்துவிட்டு உள்ளே போனார்கள். அடுத்து மரியபுஷ்பம் நின்றாள்.

“எந்தச் சங்கம்மா?” என்றார் எழுத்தர் சடகோபன்.

“சங்கமெல்லாம் இல்லைங்க. எம்பொண்ணுக்குக் காது கேக்காது. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதுற பரீட்சையில ஃபெயிலாக்கிட்டாங்க.”

“தனியாளாப் பேச முடியாதும்மா. சங்கம்னு ரெண்டு பேராவது இருக்கணும்.”

அவள் நகரவில்லை. சடகோபன் மூடிய பேனாவைத் திறந்தார். ‘காது கேளாத பிள்ளைகளின் தாய்மார் சங்கம்’ என்று எழுதி, அவள் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரையும் சேர்த்தார்.

“இது யாரு சார்?”

“என் வீட்டுக்காரம்மா,” என்று அனுமதிச் சீட்டை நீட்டினார். “அவளுக்கும் எங்க பையனுக்கும் சேர்த்துப் பேசிட்டு வாங்க.”